பிரீசியா பூத்த வருஷம்

என் வீட்டுக்காரர் பெயர் பெரியண்ணன். ஒரு பெண்சாதி வாய்விட்டுக் கூப்பிடுகிற பெயரா இது என்று கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். கூப்பிடவுமில்லை. "ஏங்க" என்றே முப்பத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அவர் இல்லை. பெயரை எழுதினால் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வல்லத்திராக்கோட்டையில் மற்றவர்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெங்காயக்காரர் என்பார்கள். அவர் வெங்காயம் விற்றவருமில்லை, பயிரிட்டவருமில்லை. 1948இல், புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த அந்த வருஷம், பன்னிரண்டு வருஷ வேலையை விட்டுவிட்டுக் கொடைக்கானலிலிருந்து இறங்கி வந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று தந்தி போயிருந்தது. வந்தவர் தலையில் ஒரு டீத்தூள் பெட்டி. ஊரே கூடித் திறந்து பார்த்தால் உள்ளே மணல், மணலுக்குள் பதினான்கு கிழங்கு. சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் நீளம், மேலே வலை மாதிரி நார்த்தோல். பன்னிரண்டு வருஷ சம்பாத்தியம் இதுதானா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம். அவர் அப்படித்தான். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தக் கிழங்கின் பெயர் பிரீசியா. அவர் வேலை பார்த்த பங்களாவின் தொரசாணியம்மா தென்னாப்பிரிக்காவில் கேப் என்கிற பக்கத்தில் பிறந்தவர். ஊர் நினைப்பு விடாமல் அங்கிருந்து வரவழைத்து வளர்த்திருக்கிறார். கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் விடிகாலைப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்தப் பனி ஒரு தடவை பட்டாலே பிரீசியா சுருண்டுவிடும். ஆனால் அதே மாதங்களில்தான் அது பூக்கவும் வேண்டும். அதனால் அதற்கென்றே ஒரு கண்ணாடி வீடு. பொழுது சாய்ந்ததும் கண்ணாடிமேல் சாக்கு மூடுவது, உள்ளே கரிச்சட்டியில் கனல் போட்டு வைப்பது, காலையில் வெயில் ஏறியதும் சாக்கை எடுத்துக் கதவைத் திறந்து காற்று விடுவது, எல்லாம் இவர் வேலை. சூடு கூடினாலும் மொட்டு கருகுமாம், குறைந்தாலும் போய்விடுமாம். சுதந்திரம் வந்த மறுவருஷம் தொரசாணி கப்பல் ஏறியபோது, இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மேசை, நாற்காலி, கடிகாரம் எதையாவது கேட்டிருக்கலாம். இந்த மனுஷன் கிழங்கைக் கேட்டார்.

1950 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். நான் உள்ளூர் போர்டு ஸ்கூலில் டீச்சர். செங்கமலம் டீச்சர் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் இன்றைக்கும் பாதிப் பேருக்குக் காது வலிக்கும். கல்யாணமான இரண்டாம் மாதமே, ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், எனக்கும் அந்தக் கிழங்கு வேலை வந்துவிட்டது.

"நம்ம ஊருக்கும் அந்தக் கேப்புக்கும் ஒண்ணு ஒத்துப்போகுது" என்றார். அவர் தானாக வாய் திறந்து பேசியதில் அதுதான் நீளமானது. "அங்கயும் கோடையில சொட்டு மழை கெடையாதாம். குளிர் மாசத்துலதான் மழையாம். நமக்கும் ஐப்பசி, கார்த்திகைதானே. வெயில் காலம் பூரா அது தூங்கும், மழை விழுந்தா முழிக்கும். எல்லாம் சரியா இருக்கு, குளிர்ச்சி ஒண்ணுதான் பத்தலை. அத நாமதான் உண்டாக்கணும்."

உண்டாக்கினோம். பெரிய மண்தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி, நடுவில் ஆற்றுமணல் நிரப்பி, மணலை ஈரமாகவே வைத்திருப்பது. மாட்டுக்கொட்டகைக்கு வடக்கே நிழலில் கோணிச்சாக்கால் சுற்றித் தட்டி கட்டி, அதில் நாளைக்கு நாலு தடவை தண்ணீர் தெளிப்பது. மார்கழியில் விடியுமுன்னே தொட்டிகளைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பனியில் வைத்து, வெயில் கிளம்புமுன் திரும்பத் தூக்கிவருவது. மலையில் பனி படாமல் காப்பாற்றினவர், இங்கே பனியைத் தேடிக்கொண்டு தொட்டியோடு அலைந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் பதினான்கு தொட்டியைத் தூக்கி இடுப்பு ஒடிந்துபோகும். திட்டிக்கொண்டே தூக்குவேன். அவர் சிரிப்பார். அந்த ஈரச்சாக்கு வாடையும், குளிர்ந்துபோன தொட்டியும், அவர் மூச்சில் பறக்கிற ஆவியும் இப்போது கிடைக்குமென்றால் இன்னொரு தடவை இடுப்பு ஒடியலாம்.

இலை வந்தது. விசிறி விரித்தாற்போல் தட்டைத் தட்டையாக, பார்க்க நன்றாகவே இருக்கும். பூ மட்டும் வரவில்லை. பூ எப்படி இருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். தண்டு பாதியில் வளைந்து படுக்குமாம். படுத்த தண்டின்மேல் ஆறேழு பூ ஒரே வரிசையில் நிமிர்ந்து நிற்குமாம். பால் வெள்ளை, தொண்டையில் மஞ்சள். ஒரு தண்டை வெட்டி வைத்தால் பங்களா முழுக்க வாசம் நிற்குமாம். சொல்லும்போதே அவர் மூக்கு விடைக்கும். மாசி பிறந்ததும் இலை பழுத்துவிடும். அதோடு தண்ணீரை நிறுத்தி, தொட்டிகளைக் கொட்டகைக்குள் பரணில் ஏற்றிவிடுவார். மறுபடி ஐப்பசி வரை ஒரு சொட்டுக் கூடாது.

மாமனார் 1951இல் தவறிப்போனார். அதற்குப் பிறகுதான் கடிதம் வர ஆரம்பித்தது. பங்களாவை வாங்கியிருந்தவர் திருமயம் பக்கத்து ராமசுப்பிரமணியன் செட்டியார். கண்ணாடி வீடு சும்மா கிடக்கிறது, உங்களை மாதிரி ஆள் கிடைக்கவில்லை, வந்து சேரவும் என்று வருஷம் தவறாமல் எழுதுவார். இவருக்கும் ஆசைதான். இந்த ஊரில் கடலைக்கொல்லை உழுவதற்கு இவர் எதற்கு? அந்தக் கையை இங்கே யாருக்குத் தெரியும்? மலையில் தோட்டக்காரருக்கு ஒற்றை அறை. எனக்கு அங்கே வேலை கிடையாது. என் சம்பளத்தை நம்பி என் தாய்வீட்டிலும் ஆள்கள் இருந்தார்கள். ஆக, போனால் அவர் மட்டும் போகவேண்டும். மாதம் ஒரு தடவை வருவேன் என்றார். ரங்கூனுக்கும் கொழும்புக்கும் வருஷம் ஒரு தடவை வருவதாகச் சொல்லிப் போனவர்களின் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் புருஷன் என்பது சுவரில் மாட்டிய போட்டோ. எனக்கு இந்த மனுஷன் வேண்டும். வாய் பேசாத இவரே வேண்டும்.

1956 தையிலும் பூக்கவில்லை. மாசி பிறந்து காய்ந்துகொண்டிருந்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"செட்டியார் அடுத்த தை வரைக்கும்தான் வேலைய வச்சிருப்பாராம். அதுக்குள்ள இது பூத்துருச்சுன்னா, நான் கத்துக்கிட்டது இங்கிட்டும் செல்லும்னு ஆயிரும். நானும் இருந்துக்கிறேன். பூக்கலைன்னா போறேன் செங்கமலம். எனக்கு இங்க மூச்சு முட்டுது."

"என்கூட இருக்கிறதாங்க ஒங்களுக்கு மூச்சு முட்டுது?"

"ஒன்னைச் சொல்லலை" என்றார்.

அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன். என் வாழ்க்கை பதினான்கு தொட்டியில் இருக்கிறது. அதுவரை நான் சக்களத்தியாக நினைத்து வைதுகொண்டிருந்த கிழங்குகள் பூத்தே ஆகவேண்டும்.

அந்தச் சித்திரையில், சீசனுக்கு இரண்டு மாதம் மட்டும் வந்து தோட்டத்தைச் சரிசெய்து தரும்படி செட்டியார் கூப்பிட, இவர் மலைக்குப் போனார். எனக்குக் கோடை விடுமுறை. அந்த வருஷம் மாதிரி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் ஊரில் அக்கினி நட்சத்திரத்தில் யாரும் காய்ந்த செடியைத் தாண்டிப் போகமாட்டார்கள். குடத்தில் குடிக்கக் கொண்டுபோகிற தண்ணீரிலேயே ஒரு கை அள்ளி, யார் வீட்டுச் செடியாக இருந்தாலும் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். காக்காய்க்குக்கூடத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் இருக்கும்.

எதிர்வீட்டுக் காத்தாயி அக்கா விராட்டி கேட்டு வந்தவர், கொட்டகைப் பரணில் தொட்டிகளைப் பார்த்துவிட்டார். மண் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஏத்தா டீச்சரு, இதென்ன பாவம். இப்பிடிக் காயப்போட்டு வச்சிருக்கீங்க?"

"அது அப்படித்தாங்க்கா. தூங்குது. தண்ணி ஊத்தக்கூடாது."

"தூங்குதாமுல்ல. பூக்கிற செடியத் தண்ணியில்லாமக் காயப்போட்ட வீட்டுல தொட்டில் எப்பிடித்தா ஆடும்? ஆறு வருசமாச்சுல்ல ஒங்களுக்கு. ரெண்டு தடவ தங்காமப் போச்சுல்ல. நான் சொல்றதக் கேளு. விடியக்காலம் குளிச்சிட்டு ஒரு மண்டலம் தண்ணி ஊத்து. அதுவும் பூக்கும், நீயும் பூப்ப."

நான் படித்தவள். ஆசிரியப் பயிற்சியில் தாவரவியல் பாடம் எழுதித் தேறியவள். வேர் என்ன செய்யும், கிழங்கு என்ன செய்யும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். இருந்தும், ரெண்டு தடவ தங்காமப் போச்சுல்ல என்று அவர் சொன்ன இடத்தில் என் படிப்பு நின்றுவிட்டது. ஒருவேளை இவர்தான் தாகத்தில் போட்டுக் கொல்கிறாரோ, அதனால்தான் பூக்கவில்லையோ என்று அடுப்படியில் நின்று நினைத்தேன். இப்போது அந்த நினைப்பை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே ஆரம்பித்தேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப்புடவையோடு, தொட்டிக்கு ஒரு சொம்பு. நாற்பத்தெட்டு நாள். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது, குடத்துக்குக் கால்மணி நேரம் காத்திருந்து இறைப்பேன். எனக்குக் குடிக்க இல்லாத அன்றும் அவற்றுக்கு ஊற்றினேன். ஒவ்வொரு தொட்டிக்கும் ஊற்றும்போது, பூத்துரு, அவரை இங்கேயே வச்சிரு, எனக்கு ஒண்ணைக் குடு என்று வேண்டிக்கொண்டேன். ஐயனாருக்கு வேண்டியதுகூட அவ்வளவு பக்தியாக இல்லை.

முப்பது நாளுக்கு மேல் கொட்டகையில் ஒரு வாடை வந்தது. எலி செத்திருக்கும் என்று எல்லா மூலையும் கூட்டிப் பார்த்தேன். மண்டலத்தை மட்டும் விடவில்லை.

ஆனியில் அவர் வந்தார். தொட்டிகள் அதற்குள் மறுபடி காய்ந்து வெளுத்திருந்தன. "தண்ணி கிண்ணி படலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். புரட்டாசிக் கடைசியில், புது மண் மாற்றுவதற்காக, முற்றத்தில் சாக்கை விரித்துத் தொட்டிகளைக் கவிழ்த்தார். முதல் தொட்டியில் நார்த்தோல் மட்டும் இருந்தது. விரலால் நசுக்கினார். உள்ளே கறுப்பாகத் தூள். இரண்டாவதும் அப்படி. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாலாவது தொட்டி வரை அவர் அவசரப்படாமல் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசித் தொட்டி மண்ணை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தார்.

"நான் இல்லாதப்ப மழை பேஞ்சுச்சா?"

"பேஞ்சுச்சுங்க" என்றேன். "சித்திரைக் கடைசியில ரெண்டு மழை. கொட்டகை ஒழுகிச்சு."

அந்தக் கோடையில் ஜில்லா முழுக்க ஒரு தூறல் இல்லை என்பது ஆடு மாட்டுக்கும் தெரியும். கொட்டகைக் கூரையை மாசியில் புதுக்கீற்று போட்டு வேய்ந்தவரும் அவர்தான். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒழுகியிருக்கும்" என்றார். "நான் சரியா வேயலை."

அன்றைக்கு அவர் என்னை அடித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்து அழுதேன். மலையில் வேலை காத்துக்கொண்டிருக்கிறது, கிழங்கு போய்விட்டது, இனி அவர் இங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. என் கையாலேயே அவரை மலைக்கு அனுப்பிவைத்தேன் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சின்னப் பூண்டுப் பல் அளவுக்கு ஏதோ ஒன்று, மண்ணோடு.

"ஒண்ணு தப்பிச்சிருக்கு. குட்டிக் கெழங்கு. மண்ணைச் சலிச்சேன், அகப்பட்டுச்சு."

எனக்குக் கண்ணீரில் சரியாகத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாசல் என்றும் பார்க்காமல் விம்மினேன்.

"இது வளந்து பூக்க மூணு வருசமாவது ஆகும்" என்றார். "இதைத் தூக்கிக்கிட்டு நான் எங்கிட்டுப் போறது? செட்டியாருக்கு ஒரு லெட்டர் எழுது. வர முடியாது, வேற ஆளைப் போட்டுக்கிறங்கன்னு எழுது."

அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. அவர் கடிதங்களையெல்லாம் நான்தான் எழுதுவேன். அதையும் என் கையாலேயே எழுதினேன். வேறு ஆள் வைத்துவிட்டதாகப் பதில் வந்தது. அப்புறம் மலையிலிருந்து ஒரு கடிதமும் இல்லை.

மூன்று வருஷம் அந்த ஒற்றைத் தொட்டிக்கு அவர் செய்த ஊழியத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பதினான்குக்குச் செய்ததெல்லாம் ஒன்றுக்கு நடந்தது. தொட்டிக்குள் தொட்டி, ஈரமணல், சாக்குத் தட்டி, மார்கழிப் பனி. என்னைத் தூக்க விடவில்லை. "நீ தள்ளி இரு, ஒன் கை நீர்க்கை" என்று ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இலை வந்தபோது எட்ட நின்று பார்த்தேன். பழைய இலை மாதிரித் தட்டையாக இல்லை, கோரைப்புல் மாதிரி உருண்டையாக இருந்தது.

"ஏங்க, எலை வேற மாதிரியில்ல இருக்கு?"

"குட்டிக்கு எலை அப்பிடித்தான் இருக்கும்."

எனக்கென்ன தெரியும். அவர் சொன்னால் சரி. வருஷா வருஷம் தை மாதம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. மலையையும் விட்டார், பூவும் வராவிட்டால் இந்த மனுஷனுக்கு என்ன மிச்சம் என்று அடித்துக்கொள்ளும். எங்களுக்குப் பிள்ளையும் தங்கவில்லை. வீட்டில் இரண்டு பேர், ஒரு தொட்டி. மூன்று வருஷமும் நாங்கள் ஒரு நாள்கூடச் சண்டை போடவில்லை. வாயாடியான நான் அடங்கியிருந்தேன், பேசாத அவர் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டார். என் ஆயுசில் நல்ல காலம் எது என்று கேட்டால் குற்றவாளியாக இருந்த அந்த மூன்று வருஷத்தைத்தான் சொல்வேன்.

1959 கார்த்திகையில் விடாமல் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை வானம் வெளிவாங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் கொல்லைப்பக்கத்திலிருந்து கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"செங்கமலம், இங்க வா. பூத்துருச்சு."

அரைப்பின்னலோடு ஓடினேன். தட்டியை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டி நடுவே ஒரே ஒரு தண்டு, நேராக நின்றது. அதன் உச்சியில் ஒரே ஒரு பூ. வெள்ளை. ஆறு இதழ்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில், தண்ணீர் சிந்தி ஓடுகிற சேற்றில், முன்பிருந்த ஹெட்மாஸ்டர் யாரோ நட்ட கிழங்குகள் பெருகிக் கிடந்தன. மழை பெய்த மறுநாள் அங்கே கும்பலாகப் பூக்கும். ஊரில் வேறெங்கும் கிடையாது. மழைப்பூ என்று பிள்ளைகள் பறித்து வந்து என் மேசையில் வைப்பார்கள். வருஷா வருஷம் பார்க்கிற பூ அது. இந்தத் தொட்டியில் நின்றதும் அந்தப் பூதான்.

குனிந்து முகர்ந்தேன். ஒரு வாசமும் இல்லை.

"வாசம் வரலைங்களே?"

"நம்ம ஊர் சூட்டுக்கு வாசம் வராது" என்றார். பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது எல்லாம் எனக்கு விளங்கியது. பதினான்கும் அன்றே போய்விட்டன. குட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. மழை பெய்யவில்லை என்று அவருக்குத் தெரியும், ஊற்றினது யார் என்றும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுததைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் யோசித்து, கிணற்றடிச் சேற்றிலிருந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி வந்து கையை விரித்துக் காட்டியிருக்கிறார். அதைச் சொல்லியே மலையை வேண்டாமென்று என்னைக்கொண்டே எழுதவைத்துவிட்டார். பிறகு மூன்று வருஷம், சும்மா போட்டாலே முளைக்கிற ஒரு செடியை, தொட்டிக்குள் தொட்டி வைத்து, மார்கழிப் பனியில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

கேட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். வாயைத் திறந்தால் அவர் கட்டியதெல்லாம் இடிந்துவிடும் என்று தோன்றியது.

"நீங்க சொன்னதைவிட அழகா இருக்குங்க" என்றேன்.

அவர் மூச்சை விட்டார். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது. முகம் மலர்ந்துவிட்டது. "சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வாரேன். இப்பப் புதுசா வந்திருக்கிற ஹெட்மாஸ்டரையும் கூட்டிக்கிட்டு வந்து காட்டலாம்" என்றார்.

சரிங்க என்று பின்னலை முடித்துக்கொண்டு கிளம்பினேன். வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் யாரும் வரவில்லை. கிணற்றடி முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. புத்தகப் பையைத் துவைகல்மேல் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஹெட்மாஸ்டர் வருவதற்குள் அத்தனையையும் கிழங்கோடு பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.